வெண்மை என்னுஞ் சொல்

அறிவின் குறைவைக் குறிக்குஞ் சொற்களுள் ‘வெண்மை’ என்பது ஒன்று. தூய்மைக்குரிய நிறப்பெயர் இப்பொருட்கு வந்தவாறு யாங்ஙனம் என்பதனைச் சிறிது ஆராய்வாம்.

வெண்ணிறம் கபடமின்மையைக் காட்டுதலின், சூதறியாதான்மேற் சென்று, பின்னர் அறியாமைக்கு ஆயிற்றெனின், அஃது ஒருவாறு பொருந்துமாயினும் முற்றும் அமையாது. என்னை? எழுதப்படாத ஓலையை வெள்ளோலை என்ப. எழுதிய ஓலையும் நிறத்தான் வெளிறியதே; ஆகலின் ஆண்டுக் கருதப்பட்டது நிறமன்று, எழுத்தின்மையே. மறைப்பில்லாத வெற்றிடம் வெள்ளிடை எனப்படும். ‘வெள்ளிடைமலை’ என்னும் வழக்கின் பொருள், சமவெளியினின்று பழனிக் குன்றினை நோக்குவார்க்கு இனிது விளங்கும். ‘வெளி’ என்னுஞ் சொல்லும் ஒலியானும் பொருளானும் இதனோடு அணுகியதே. எனவே வெண்மை என்பது அறிவு பதியப்பெறாத வெறுமை எனக் கோடலே சிறப்புடைத்து. எம்மூர்ப் பக்கத்துச் சூதறியாதானை ‘வெள்ளந்தி’ என்பர்; அதன்கண் இகழ்ச்சியினும் இரக்கமே மிகும்.

அற்றேல், அறியாமை குற்றமாமோ எனின், ஈண்டே திருவள்ளுவனாரின் நுட்பம் புலனாம். புல்லறிவாண்மை அதிகாரத்து 844-ஆம் குறளில் வெண்மை யாதென வினவிய அவர், விடையாகக் கல்லாமையைக் கூறிற்றிலர். தம்மை அறிவுடையராகத் தாமே மதிக்குஞ் செருக்கினையே கூறினார். வெண்மைக்கு எதுகையாக அவர் நிறுத்திய ‘ஒண்மை’ ஒளியுடைமை. ஒளியில்லாத வெளிறு தன்னை ஒளியென மயங்குதலே குற்றமென்பது கருத்து. பரிமேலழகர் வெண்மையை அறிவு முதிராமை என்றார். சொற்பொருள் அதுவே, ஆயினும் நூலாசிரியர் கருத்து அம்முதிராமையை முதிர்ச்சியெனக் கொள்ளும் மயக்கத்தின்மேலதாம்.

இதனைச் சித்தாந்தத்தோடு ஒட்டி நோக்குக. புறவிருள் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் காட்டாதென்பது திருவருட்பயனில் உமாபதி சிவாசாரியர் காட்டிய வேறுபாடு. புல்லறிவும் அத்தன்மைத்தே, உடையானுக்கு அது தோன்றாது.

யாம் பாடஞ்சொல்லிய நாளில், விடையிறுக்கமாட்டாது நின்ற மாணாக்கரை ‘வெள்ளை’ என இகழ்ந்ததுண்டு. இக்குறளை ஊன்றி நோக்கியபின், அப்பெயர்க்கு உரியார் யாவர் என்னும் ஐயம் எம்மாட்டே திரும்பிற்று. வெற்றோலையில் எழுதலாம், தான் நிரம்பியதெனக் கருதும் ஓலையில் எழுத இடமில்லை. திருவருட்கு இடந்தருவது முன்னையதே என்க.