ரோஜாக் கையேடுகளும் ‘ஏன்?’ என்ற கேள்வியும்

வீட்டு முற்றத்தில் நாலு தொட்டி ரோஜா வைக்க ஆசைப்படுபவர் முதலில் நாடுவது ஒரு கையேட்டை. இத்தகைய நூல்கள் ஐந்தாறை அண்மையில் வரிசையாகப் படித்தேன். குழி எடுப்பது, எரு இடுவது, ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் காட்டுக் கிளையை நீக்குவது ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்கின்றன, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ‘ஏன்?’ என்று கேட்டால்தான் சங்கடம். சில நூல்கள் காரணமே கூறுவதில்லை. சில தவறான காரணத்தைக் கூறுகின்றன. மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

நீர்த்துளி லென்சாகுமா?

உச்சி வெயிலில் இலைமேல் நீர் தெளித்தால் துளிகள் குவிலென்சு போல் ஒளியைக் குவித்து இலையைக் கருக்கிவிடும். ஆகவே மாலையில் தெளிக்க வேண்டும் என்பது பல நூல்களின் அறிவுரை. இதை நானே வகுப்பில் குவிலென்சுக்கு எடுத்துக்காட்டாகப் பல ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன். ஒருநாள் கடைசிப் பெஞ்சு மாணவர் ஒருவர் எழுந்து, “சார், காகிதத்தை எரிக்க லென்சைத் தூக்கிப் பிடிக்கிறோம். துளி இலையோடு ஒட்டிக்கொண்டல்லவா இருக்கிறது?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அன்று என்னிடம் விடை இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 4/3. அரைக்கோள வடிவமான துளியின் உச்சியில் நுழையும் ஒளிக்கதிர்கள், துளியின் ஆரத்தைப்போல் 4 மடங்கு ஆழத்தில்தான் குவியும். இலையோ ஒரு மடங்கு ஆழத்திலேயே இருக்கிறது! எனவே இலைமேல் விழும் ஒளி ஓரளவு செறியுமே தவிர, ஒரு புள்ளியில் குவியாது. போதாக்குறைக்கு நீர் இலையைக் குளிர்விக்கவும் செய்கிறது. 2010-இல் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டனர். இலைமேல் வைத்த கண்ணாடிக் குண்டுகள் இலையைக் கருக்கின. வழுவழுப்பான இலைமேல் இருந்த நீர்த்துளிகள் கருக்கவில்லை. மயிரிழைகள் துளியைத் தூக்கி நிறுத்தும் ஒருவகை மிதக்கும் பெரணியின் இலை மட்டும் துளியாலும் கருகியது. என் மாணவர் கேட்ட இடைவெளி அங்கேதான் இருந்தது.

இந்தப் பிழையால் என்ன கேடு என்கிறீர்களா? ரோஜாவின் பெரும்பகை கரும்புள்ளி நோய். இதற்குக் காரணமான பூசணம் இலைக்குள் நுழைய வேண்டுமானால் இலை குறைந்தது 7 மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் நனைத்த இலை இரவெல்லாம் ஈரமாகவே இருக்கக்கூடும். ஆம்! வராத தீங்குக்கு அஞ்சி, வரக்கூடிய தீங்கை நாமே அழைக்கிறோம். ஒரு மழைக்காலம் முழுவதும் நான் மாலைதோறும் பூவாளியால் செடிகளை முழுக்காட்டினேன். இலைகள் புள்ளி விழுந்து, மஞ்சளித்து உதிர்ந்தன. மழையும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் நானும் அதற்குத் துணை நின்றேன். காலையில் வேர்ப்பகுதியில் மட்டும் நீர் ஊற்றுவதே நல்லது.

சாய்த்து வெட்டுவதா?

கவாத்துச் செய்யும்போது மொட்டுக்குச் சற்று மேலே 45 பாகைச் சாய்வில் வெட்ட வேண்டும், இல்லையேல் நீர் தேங்கித் தண்டு அழுகும் என்பது அடுத்த விதி. சாய்த்து வெட்டினால் காயத்தின் பரப்பு 1.4 மடங்கு ஆகிவிடுகிறது என்பதை எந்த நூலும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ராயல் நேஷனல் ரோஸ் சொசைட்டி 1990-களில் சோதனை நடத்தியது. வேலிச்செடி வெட்டும் கருவியால் மொட்டுப் பாராமல் வெட்டிய செடிகள், முறைப்படி வெட்டிய செடிகளுக்குக் குறையாமல் பூத்தன. கூரான கத்தரிக்கோல் இருந்தால் போதும், பாகைமானி வேண்டாம்!

கோணத்தைவிட வகை முக்கியம். ஹைப்ரிட் டீ வகை புதிய கிளையில் பூப்பது; நன்கு வெட்டினால் பெரிய பூ தரும். ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் கொடி வகைகளோ முன் ஆண்டின் கிளையில் பூப்பவை. அவற்றைப் பூக்கும் பருவத்துக்கு முன் அடியோடு வெட்டினால் அவ்வாண்டுப் பூவையே வெட்டியவர் ஆவீர்கள். கையேடுகள் பலவும் எல்லா ரோஜாவுக்கும் ஒரே விதியைச் சொல்லிச் செல்கின்றன.

கொடியை வளைப்பது ஏன்?

கொடி ரோஜாவின் நீண்ட தண்டுகளைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டச் சொல்கிறார்கள். இது சரியான அறிவுரை, காரணம்தான் இல்லை. செங்குத்தாக வளரும் தண்டில் நுனி மொட்டு, கீழுள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளரூக்கிக்கு இதில் பங்குண்டு என்பதை 1930-களில் திமான், ஸ்கூக் ஆகியோர் காட்டினர். தண்டை வளைத்தால் நுனியின் ஆதிக்கம் தளர்கிறது. நெடுகிலும் பக்கக் கிளைகள் எழுந்து பூக்கின்றன. கதை அத்துடன் முடியவில்லை. நுனி சர்க்கரையைப் பெருமளவு இழுத்துக்கொள்வதே பக்க மொட்டுகள் உறங்குவதற்கு முதற்காரணம் எனப் பட்டாணிச் செடியில் செய்த ஆய்வு 2014-இல் தெரிவித்தது. அறிவியல் தன் விடையையே திருத்திக்கொள்கிறது. கையேடுகள் மட்டும் மறுபதிப்பில்கூடத் திருந்துவதில்லை.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் கொடி ரோஜா இருந்தால் ஒரே பருமனுள்ள இரு தண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை நிமிர்த்தியும் மற்றொன்றைப் படுக்கவைத்தும் கட்டுங்கள். வாரந்தோறும் பக்கத் துளிர்களை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நான் எழுதியது பொய்யானால் எனக்கும் தெரிவியுங்கள். குவிலென்சு பாடம் நடத்தும்போது இப்போதும் நான் நீர்த்துளியைத்தான் சொல்கிறேன்; கேள்வி கேட்ட அந்த மாணவரையும் சேர்த்தே சொல்கிறேன்.