ஒன்பது புள்ளிகள்: தத்தாவின் தொகுப்புக் கட்டுரையோடு ஒரு சண்டை

பாசுதேப் தத்தா 2007-ல் எழுதிய 'மினிமல் ட்ரையாங்குலேஷன்ஸ் ஆஃப் மேனிஃபோல்ட்ஸ்' கட்டுரையை இந்த மாதம் மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. இந்தத் துறைக்குள் எட்டிப் பார்க்க நினைக்கும் என்னைப் போன்ற பி.இ. ஆசாமிக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் அதோடு எனக்கு ஒரு சண்டை உண்டு.

முதலில் விஷயம் என்னன்னு சொல்லிவிடுகிறேன். ஒரு வளைபரப்பை முக்கோணத் துண்டுகளை ஒட்டிக் கட்டணும். விதி ஒன்றுதான்: இரண்டு முக்கோணங்கள் தொட்டுக்கொண்டால் ஒரு முழு விளிம்பிலோ ஒரே ஒரு முனையிலோ மட்டும் தொடலாம். குறைந்தபட்சம் எத்தனை முனைகள் வேண்டும்? பந்துக்கு 4, நான்முகியே போதும். அடுத்ததுக்கு எங்க ஊர் உதாரணம். திருப்பூரில் வட்ட நிட்டிங் மெஷினிலிருந்து துணி ட்யூபாகத்தான் இறங்கும். அதை வெட்டித் திறக்காமல் இரண்டு வாயையும் சேர்த்துத் தைத்தால் உளுந்து வடை வடிவம் வரும். கணிதத்தில் அதற்கு டோரஸ் என்று பெயர். அதற்கு 7 முனை, 21 விளிம்பு, 14 முக்கோணம் போதும். 7 − 21 + 14 = 0, ஆய்லர் எண் சரியாக வருகிறது. மோபியஸ் காலத்திலேயே தெரிந்த விஷயம். 1949-ல் ஹங்கேரியின் சாசார் இதைத் தட்டையான முகங்கள் கொண்ட நிஜத் திண்மமாகவே கட்டிக் காட்டினார். அட்டையும் பசையும் இருந்தால் வீட்டில் செய்து பார்க்கலாம்.

இங்கே ஒரு குறும்பு இருக்கிறது. ஆய்லர் எண்ணை வைத்துக் கீழ்வரம்பு சொல்லும் சூத்திரம் க்ளைன் குப்பிக்கும் 7 என்றே சொல்லும். ஆனால் 7-ல் முடியாது, 8 வேண்டும். சூத்திரம் ஏமாற்றும் பரப்புகள் மொத்தம் மூன்றுதான், மற்ற எல்லாவற்றுக்கும் அது அச்சாகப் பொருந்தும் என்பது 1980-ல் யுங்கர்மனும் ரிங்கெலும் முடித்துவைத்த வேலை.

இனி தத்தாவின் கட்டுரை. முதல் பகுதி வரையறைகள், இரண்டாவது வரலாறு, மூன்றாவதில்தான் உதாரணங்கள். பிறகு தேற்றங்கள், கடைசியில் முடிவுகள். நிரூபணங்கள் இல்லை, வேறு இடங்களில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்னுரையிலேயே நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். ஒரு கால் நூற்றாண்டு வேலையைச் சில பக்கங்களில் அடக்க வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். என் குறை என்னவென்றால், முடிவுகளை வரிசையாகப் படிக்கும்போது எல்லாம் ஒரே எடையில் தெரிகின்றன. கம்ப்யூட்டர் தேடிக் கொண்டுவந்த பட்டியலும், ஒரு மனுஷன் காரணம் கண்டுபிடித்த இடமும் அடுத்தடுத்து நிற்கின்றன. எது எதுவென்று புதியவருக்குத் தெரியாது. அந்த வித்தியாசத்தை மிக அழகாகக் காட்டிய ஒரு பேப்பர் இருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவர் தத்தாவேதான். அதனால்தான் ஆதங்கம்.

அந்த பேப்பர் 1994-ல் வந்தது. பெங்களூர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பாஸ்கர் பாக்சியோடு சேர்ந்து எழுதியது. பொருள், கலப்பெண் வீழ்ப்புத் தளம் என்ற நாலு பரிமாண வெளி. அதன் செங்கல், முக்கோணத்தின் நாலு பரிமாண அண்ணன், 5 முனை கொண்டது. 9 முனைகளை வைத்து இப்படி 36 செங்கற்களால் இந்த வெளியைக் கட்டலாம் என்று க்யூனல் கண்டுபிடித்தார். 9 முனையில் இது ஒன்றுதான் சாத்தியம் என்று அவரும் லாஸ்மனும் காட்டினார்கள். இரண்டுக்கும் பின்னால் பெரிய கம்ப்யூட்டர் தேடல். கோஹோமாலஜி வழியாக ஆர்னூவும் மாரனும் கம்ப்யூட்டர் இல்லாத நிரூபணம் தந்தார்கள். பாக்சியும் தத்தாவும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும் ஒரு படத்தை அதற்குள் கண்டார்கள்.

என் வார்த்தையில் சொல்கிறேன், பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று புள்ளி, மூன்று வரிசை, நேர்ப்புள்ளிக் கோலம் மாதிரி வையுங்கள். வலது ஓரத்தைத் தாண்டினால் இடது ஓரம், மேலே தாண்டினால் கீழே. வட்ட மெஷினில் கடைசி ஊசிக்கு அடுத்தது முதல் ஊசி இல்லையா, அப்படி. இப்போது மூன்று நெடுக்கு வரிசைகளைத் தனியாக வையுங்கள். மிச்சம் 9 கோடுகள்: கிடையாக 3, ஏறும் சாய்வில் 3, இறங்கும் சாய்வில் 3. வெவ்வேறு திசைக் கோடுகள் இரண்டை எடுத்தால் சரியாக ஒரு புள்ளியில் வெட்டும். சேர்த்தால் 5 புள்ளிகள். அது ஒரு செங்கல். இப்படி 27. அடுத்து, ஒரு நெடுக்கு வரிசையின் 3 புள்ளிகளோடு அதன் வலப்பக்க வரிசையிலிருந்து ஏதாவது 2 புள்ளிகள். இப்படி 9. மொத்தம் 36. முடிந்தது!

நான் முதலில் இதைக் கோடாக எழுதித்தான் பார்த்தேன், தொழில் புத்தி. ஒவ்வொரு நாலு முனை முகமும் சரியாக இரண்டு செங்கற்களில் வருகிறதா? வருகிறது. ஆய்லர் எண்: 9 − 36 + 84 − 90 + 36 = 3, சரி. எல்லா டெஸ்ட்டும் பாஸ். எதுவும் புரியவில்லை. பிறகு காகிதத்தில் ஒரு முகத்தைக் கையால் தொடர்ந்தேன். ஒரு சிலுவையின் நடுப்புள்ளியை எடுத்துவிடுங்கள். மிஞ்சும் நாலு புள்ளிகள் அடுத்தடுத்த இரண்டு நெடுக்கு வரிசைகளில் இரண்டிரண்டாக உட்கார்ந்திருக்கும். ஆக அதன் மறுபக்கம் இரண்டாம் வகைச் செங்கல்தான், அதுவும் ஒன்றே ஒன்று. அந்த 9 எதுக்கு இருக்குன்னு அப்போதான் உறைத்தது. 27 சிலுவைகள் விட்டுவைக்கும் ஓட்டைகளை அடைக்கத்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு முனையைச் சுற்றியும் உள்ள பகுதி கோளமாக இருக்கிறதா என்று சோதித்தாகணும். இல்லாவிட்டால் இது மேனிஃபோல்டே இல்லை. கோலத்தை அப்படியே ஒரு புள்ளி நகர்த்தினாலும் விதி மாறாது என்பதால் 9 முனைகளும் ஒரே ஜாதி. ஒன்றைச் சோதித்தால் போதும். என் புரோகிராம் ஒன்பதையும் சோதித்தது, பாவம்.

தத்தாவின் கட்டுரைக்குப் பிறகு நடந்ததையும் சொல்லணும். 1987-லேயே ப்ரேமும் க்யூனலும் ஒரு வரம்பு கொடுத்திருந்தார்கள்: d பரிமாண வெளிக்கு 3d/2 + 3-ஐவிடக் குறைந்த முனைகள் இருந்தால் அது கோளம்தான். சரியாக அந்த எண்ணிலேயே கோளம் அல்லாதது கிடைக்க d = 2, 4, 8, 16 மட்டுமே வழிவிடும். முனைகள் 6, 9, 15, 27. கடைசி ஒன்று இருக்கிறதா என்பது 2007-ல் திறந்த கேள்வி. 2022-ல் ரஷ்யாவின் கைஃபுலின் பதில் தந்தார். முனைகள் எல்லாம் சமச்சீரில் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை மட்டுமே 634, ஒவ்வொன்றிலும் 100386 செங்கற்கள். கம்ப்யூட்டர் தேடல்தான். ஆனால் அந்த 634-ம் மதிக்கும் சமச்சீர்கள் மூன்று திசைகளில் மூன்று மூன்றாக நகர்த்துபவை. அதாவது 27 முனைகளையும் 3×3×3 கட்டத்தில் புள்ளிகளாக வைக்கலாம். அந்தக் கட்டத்தில் எந்தக் கோடுகள், எந்தத் தளங்கள் சேர்ந்து செங்கலாகின்றன என்று 1994 பாணியில் யாராவது சொன்னால், வேலையைப் போட்டுவிட்டு அதைத்தான் முதலில் படிப்பேன்.