கூடையும் கயிறும்

காரைக்குடிப் பக்கம் மின்கம்பியை உரசும் கிளையைக் கழிக்க ஸ்கைலிஃப்ட் வண்டி வந்தால் வேலை சுலபம். அது மேலே தூக்கும் கூடைக்குள் நின்றபடி ரம்பத்தை ஓட்டலாம். பட்ட மரத்துக்கு அதுதான் சரி. 2018-இல் கஜா புயல் வேரோடு அசைத்துவிட்டுப் போன மாதிரியான மரங்களில் யாரையும் ஏறச் சொல்வது பாவம்.

ஆனால் செட்டிநாட்டுப் பெரிய வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிவது. உள்ளே கிணற்றடி மாமரத்துக்கு எந்த வண்டி போகும்? ஏறுகிறவர்தான் கதி. அவர் வெட்டுவதைவிட இறக்குவதைப் பார்க்க வேண்டும். கிளையில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மேலே ஒரு கவையில் போட்டுக் கீழே விடுகிறார். கீழே நிற்பவர் அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறார். பாரத்தின் பெரும்பகுதியை அந்த உரசலே தாங்கிவிடும். முதலில் கிளையின் அடிப்பக்கம் சின்னதாய் ஒரு வெட்டு. அது இல்லையென்றால் முறியும்போது பட்டை உரிந்து தண்டுவரை கிழியும். அப்புறம்தான் மேல்வெட்டு. “விடு… விடு… பிடிண்ணே!” ஓட்டுக்கூரையில் ஒரு சில்லும் உடையாமல் கிளை தரைக்கு வந்துவிடுகிறது.

கிளைக்கு இவ்வளவு கயிறு போடுகிறவர்களில் பலர் தம் இடுப்புக்குப் போடுவதில்லை. கூலி பேசும்போதே அதையும் பேசிவிடலாம். இடுப்புப் பட்டை வாங்கித் தருவது வீட்டுக்காரர் செலவாகவே இருக்கட்டும்.