நந்தியும் படகும்

அருண் திவாரியின் துணையுடன் அப்துல் கலாம் ஆங்கிலத்தில் எழுதி 1999-இல் வெளிவந்த தன்வரலாறே தமிழில் ‘அக்னிச் சிறகுகள்’ ஆயிற்று. இந்நூலைப் போற்றுவோர் ஏவுகணைகளையே பெரிதும் எடுத்துரைப்பர். ஆயின், படைப்போனின் உவகை ஒளிரும் பகுதி, ‘நந்தி’ என்னும் சிற்றூர்தியைப் பற்றியதே ஆகும்.

நந்தி, அடியிற் செலுத்தப்படும் காற்றே தாங்கி நிற்க, தரையைத் தொடாது செல்லும் ஹோவர்கிராப்ட். பெங்களூரில் அதனை உருவாக்க முனைந்த சிறு குழுவினர்க்கு அத்தகைய பொறியைக் கட்டிய பட்டறிவு இல்லை. நூல்களைப் பயின்று, அடிப்படையிலிருந்தே தொடங்கினர். முடிவில் 550 கிலோ எடை 40 மில்லிமீட்டர் காற்றுமெத்தையில் மிதந்தது. இரு விரற்கடை உயரந்தான்! அவ்வுயரத்தின் அருமை கட்டியவர்க்கே விளங்கும். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனை ஏற்றிக்கொண்டு கலாமே அதனைச் செலுத்தினார். இவ்விடத்தில் நடை அடங்கியே செல்கிறது; எண்களே உணர்ச்சியை ஏந்தி நிற்கின்றன.

தமிழாசிரியர்க்கு நூலின்மேல் ஒரு குறை உண்டு. குரோம்பேட்டையில் பயின்ற நாளில், எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கப் போட்டிக்கு, நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்னும் கருத்தில் கலாம் தமிழிற் கட்டுரை எழுதி, ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் தேவன் கையால் முதற்பரிசு பெற்றார். அவ்விமானம் முதலில் தமிழிலன்றோ உருப்பெற்றது! பரிசைச் சொல்லும் நூல், அக்கட்டுரையின் வாதத்தை விரித்துரைக்காமலே கடந்து போகிறது.

சி ரூசா போன்ற போர்ட்டிக்சன் கடலோரத் தோட்டத்து மாணவனுக்கு இந்நூலைக் கற்பிப்போர், நந்திக்கு முன் இராமேசுவரப் படகைக் காட்டுதல் நன்று. தந்தையார் கடற்கரையில் மரப்படகு கட்டியதையும், பலகைகள் தீயின் வெம்மையிற் பதம்பெற்றதையும் ஆறு வயதுச் சிறுவன் பார்த்து நின்றான். பொறியியலின் முதற்பாடம் அதுவே எனலாம். சகோதரி ஜோகரா நகையை அடகு வைத்துக் கல்லூரிக்கு அனுப்பியது பின்னர்.

அப்படகைப் புயல் கொண்டு போயிற்று. நந்தியோ, 1962-இல் மேனன் பதவி நீங்கியபின் கைவிடப்பட்டது. நூலில் இவ்விரு இழப்புகளும் தனித்தனி அதிகாரங்களில் தொடர்பின்றிக் கிடக்கின்றன. முன்னதைப் புயலின் சீற்றமாக விவரித்த ஆசிரியர், பின்னதன் துயரைச் சில வரிகளில் முடித்து, அடுத்த பணிக்கு விரைந்துவிடுகிறார்.