செஞ்சிக் கோட்டையும் நமது வாசிப்பும்

ஐரோப்பியப் பழநகரங்களைக் கண்டு திரும்பும் நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் கொர்தோபாவும் கிரனடாவும் தவறாமல் இடம்பெறுகின்றன. சதுக்கங்களின் அழகு விரிவாக வருணிக்கப்படும். 1236இல் தேவாலயமாக மாற்றப்பட்ட கொர்தோபாப் பள்ளிவாசலின் தூண்களிடையே நின்று கட்டுரையாளர் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சை நாம் குறை கூறவில்லை. ஆனால் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில், பேருந்துச் சன்னலில் கடந்துபோகும் செஞ்சியை அவர்களுள் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருப்பர்?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்த கோட்டை அது. நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை அதைக் கைப்பற்றியது, 1677இல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப்பின் 1698இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். பாதுஷாபாத், நுஸ்ரத்கட் என்றெல்லாம் அதற்குப் பெயர் சூட்டினர். மக்கள் நாவில் நிலைத்தது செஞ்சிதான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ இக்கோட்டையை மராத்திய இராணுவ நிலவமைப்புகள் என்ற தலைப்பின்கீழ் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அத்தொகுதியின் பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழகத்தைச் சேர்ந்தது இது ஒன்றே. பெருமைக்குரிய செய்தி, ஐயமில்லை. எனினும் மராத்தியர் கையில் இக்கோட்டை இருந்தது ஏறத்தாழ இருபத்தோராண்டுகளே. கல்யாண மஹாலின் கூர்முனை வளைவுகளையும், அவற்றின்மேல் அடுக்கடுக்காக எழும் தென்னாட்டுக் கோபுர வடிவையும் ஒருசேரக் காண்பவர்க்கு அந்தத் தலைப்பு போதாது.

தலைப்பிட்டவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாமும் செஞ்சிக்குள் சென்றதும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலைத் தேடி, 'இது நம்முடையது' என்று மனத்துள் சொல்லிக்கொண்டு திரும்புகிறோம். 1717-18இல் எழுந்த அப்பள்ளிவாசலின் பின்னணியை நினைவுகூர்வோர் சிலரே. ஔரங்கசீப் காலத்தில் செஞ்சியைப் பெற்ற பந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங் 1714இல் இறந்தார். அவர் மகன் தேஜ் சிங் கோட்டைப் பொறுப்பை ஏற்றார். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் நிலுவைத் திறையைக் கேட்டார். அக்டோபரில் நடந்த போரில் அவ்விளைஞர் மாண்டார். அவரே தமிழ் மக்களின் தேசிங்கு ராஜன். பிணக்கு கணக்குப் புத்தகத்தில் தொடங்கியது, மார்க்கத்தில் அன்று.

இதனை ஐயமற உணர்த்துவது தேசிங்கு ராஜன் கதைப்பாடல். நவாபை எதிர்த்துத் தேசிங்குடன் நின்று மடிபவன் மஹபத் கான் என்னும் முஸ்லிம். தன் திருமண நாளில், மணக்கோலத்திலிருந்து எழுந்து, நீலவேணிக் குதிரையேறிக் களம் புகுகிறான். எவரும் அவனை அங்கே மார்க்கத்தைச் சொல்லித் தடுப்பதில்லை. பாடியவனும் அதை ஒரு வியப்பாகக் கருதவில்லை. நட்புக்காக உயிர்விடுவது முஸ்லிமுக்கு இயல்பு என்பதே அந்தப் பாமரப் புலவனின் எண்ணம். நம்மைப் பற்றி நாம் எழுதிய நூல்கள் பலவற்றிலும் இத்தகைய நம்பிக்கையை நாம் கண்டதில்லை.

அதற்காகக் கதைப்பாடலைக் குறையற்றதென்று கொள்ள வேண்டியதில்லை. திறை பற்றிய வழக்கை அது வீரத்தின் ஆரவாரத்தில் அமிழ்த்திவிடுகிறது. நவாபின் தரப்பைக் கேட்க அதற்குப் பொறுமையில்லை. ராணி தீப்புகுவதை ஒரு கேள்வியுமின்றிப் போற்றுகிறது. அவ்விடத்தில் நமக்குப் பாடலோடு உடன்பாடில்லை. சிங்கவரத்தில் பள்ளிகொண்ட ரங்கநாதர் போருக்குப் போகவேண்டாமென முகம் திருப்பியதாகச் சொல்லப்படும் கதையோ வேறு. அரசனின் அவசரத்தை மக்கள் அன்றே உணர்ந்திருந்தனர் என்பதற்கு அதுவே சான்று.

பள்ளிவாசல் அல்லாஹ்வின் இல்லம். அதன் கண்ணியம் எந்த நவாபின் வெற்றியையும் சார்ந்ததன்று. கட்டியவரின் பெயர் பள்ளிவாசலோடு நிலைத்திருக்கிறது. எதிரணியில் வீழ்ந்த மஹபத் கானின் பெயரைக் கதைப்பாடல் காத்துத் தந்தது. செஞ்சிக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்கு முதற்பெயரை மட்டும் சொல்லி அனுப்புகிறோம்.