நடைப்பிணங்களும் நம் நகைப்பும்

உயிரோடிருந்தும் உணர்வற்றுத் திரிகிறவனை 'நடைப்பிணம்' என்பது தமிழர் வழக்கு. பிறரோடு ஒத்து வாழ அறியாதவனை இறந்தோருள் ஒருவனாகவே எண்ணினார் வள்ளுவர். நம் மொழியில் உவமையாக நிற்கும் இச்சொல்லை, மேலைநாட்டுத் திரைப்படம் கண்முன் நடமாடும் உருவமாகவே ஆக்கிவிட்டது. அவ்வுருவத்திற்கு அங்கே 'ஜாம்பி' என்று பெயர். 2016-இல் வெளிவந்த 'மிருதன்' தமிழ்த் திரையிலும் அதைக் காட்டியது. இவ்வகைப் படங்களுள் ஒரு பிரிவு, அச்சமூட்டுவதோடு நில்லாமல் நம்மைச் சிரிக்கவும் வைக்கிறது. இறந்தோரைக் கண்டு சிரிப்பது தகுமா? அச்சமும் நகையும் ஒரே காட்சியில் குடியிருக்க முடியுமா? இங்கிலாந்தில் எட்கார் ரைட் இயக்கி, 2004-இல் வெளிவந்த 'ஷான் ஆஃப் த டெட்' என்னும் படத்தை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வோம்.

அடிமையின் அச்சம்

ஜாம்பி பிறந்த இடம் படப்பிடிப்பு அரங்கம் அன்று. கரிபியன் கடலிலுள்ள ஹெய்ட்டி. பிரெஞ்சு ஆட்சியில் அங்கிருந்த கரும்புத் தோட்டங்களில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் உழைத்து மடிந்தனர். சாவிலேனும் விடுதலை கிட்டும் என்றிருந்த மக்களுக்கு, செத்த பின்னும் தம் உடலை ஒரு மந்திரவாதி எழுப்பி வேலை வாங்குவான் என்பதைவிடக் கொடிய அச்சம் வேறென்ன இருக்க முடியும்? 1804-இல் ஹெய்ட்டி விடுதலை பெற்றது. அச்சமோ கதைகளில் தங்கிவிட்டது. 1932-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி உண்டு. வேலை செய்யும் நடைப்பிணங்களுள் ஒருவன் அரைவைப் பொறிக்குள் விழுகிறான். மற்றவர்கள் திரும்பியும் பாராமல் பொறியைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றனர்.

1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' இக்கதையை மாற்றியமைத்தது. ஏவி வேலை வாங்கும் எசமானன் மறைந்தான்; மனித ஊனை நாடி அலையும் கூட்டம் வந்தது. பத்தாண்டு கழித்து 1978-இல் அவரே எடுத்த 'டான் ஆஃப் த டெட்' படத்தில் பிணங்கள் பெரும் வணிக வளாகம் ஒன்றை நாடி வருகின்றன. உயிரோடிருந்த நாளில் பழகிய இடம் என்பதால் கால்கள் தாமாகவே அங்கே செல்கின்றனவாம். அப்படத்திலேயே கொள்ளைக் கூட்டத்தார் பிணங்களின் முகத்தில் பாலாடை பூசிய பலகாரத்தை அப்பி விளையாடும் காட்சியும் வருகிறது. அச்சத்தின் நடுவே நகை தலைகாட்டியது இப்படித்தான்.

பேதைமையில் பிறக்கும் நகை

எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கினின்றும் பிறக்கும் என வகுத்தார். பிறரை இகழ்ந்து சிரிப்பது வேறு. அறியாமையைக் கண்டு சிரிப்பது வேறு. நாம் எடுத்துக்கொண்ட படத்தின் சிறப்பை உணர இவ்வேறுபாடு பெரிதும் துணைசெய்கிறது.

ஷான், இலண்டனில் மின்பொருள் கடை ஒன்றில் வேலை பார்க்கும் 29 வயது இளைஞன். நாள் தவறாமல் அதே மதுக்கடை, அதே நண்பன், அதே பேச்சு. படத்தின் தொடக்கத்திலேயே கடைக் கணக்கர்கள் ஒரே அசைவில் பொருளை எடுத்து வைப்பதையும், பேருந்துக்கு நிற்போர் ஒரே நேரத்தில் கைப்பேசியைப் பார்ப்பதையும் காண்கிறோம். அப்போது நோய் இன்னும் பரவவில்லை. மனிதர்கள் மட்டும் ஏற்கெனவே பொறிகளாக இருக்கிறார்கள்.

ஒரு காலை ஷான் வீட்டிலிருந்து மூலைக்கடை வரை நடந்து போய் வருகிறான். கேமரா இடையறாது அவனைப் பின்தொடர்கிறது. மறுநாளும் அதே நடை, அதே தெரு, அதே கடை. இரண்டுக்கும் இடையில் உலகமே அழிந்துவிட்டது. கடையின் குளிர்பெட்டிக் கதவில் இரத்தக் கைச்சுவடுகள். தரையிலுள்ள இரத்தத்தில் அவன் கால் வழுக்குகிறது. தெருவில் தள்ளாடி நெருங்கும் பிணத்தைக் காசு கேட்பவன் என எண்ணிச் சில்லறை இல்லை என்கிறான். அவன் எதையும் பார்ப்பதில்லை. நேற்றும் பார்த்தவன் அல்லன்.

நாம் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்குக் காரணமான பேதைமையே அச்சத்துக்கும் காரணம் என்பதை அடுத்த நொடியில் உணர்கிறோம். இங்கே நகையும் அச்சமும் அடுத்தடுத்து வைத்த இரு பண்டங்கள் அல்ல. ஒரே வேரில் கிளைத்த இரு கொம்புகள். பிணத்தைப் பார்த்து எள்ளாமல், உயிருள்ளவனின் பேதைமையைப் பார்த்து நகைக்கச் செய்வதே இப்படத்தின் அறம் எனலாம்.

சிரிப்பு நிற்கும் இடம்

பிரெஞ்சு மெய்யியலார் ஹென்றி பெர்க்சன், நகைப்பைப் பற்றி 1900-இல் எழுதிய நூலில், உயிருள்ள ஒன்று பொறிபோல் இயங்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது என்றார். சிரிக்கும் நேரத்தில் இதயம் சற்றே மரத்துப்போக வேண்டும் என்றும் கூறினார். ஜாம்பிப் படங்களுக்காகவே எழுதியது போன்ற கருத்து இது. ஆயின் மரத்த இதயத்தை மீண்டும் உணரச் செய்வது எப்படி? தரமான படத்தைத் தரமற்றதிலிருந்து பிரிப்பது இவ்வினாவே.

ஷானுக்குத் தன் மாற்றாந்தந்தை பிலிப்பைப் பிடிக்காது. கடிபட்ட பிலிப், ஓடும் காரில் உயிர் பிரியுமுன், தான் அவனை என்றும் நேசித்ததாகச் சொல்கிறார். சொல்லி முடித்து இறக்கிறார், பிணமாய் எழுகிறார். எல்லாரும் இறங்கி ஓட, காரில் தனித்துவிடப்பட்ட பிணம் கை நீட்டி, இரைந்துகொண்டிருக்கும் பாட்டை நிறுத்துகிறது. உயிரோடிருந்தபோது அவரை வருத்திய இரைச்சல் அது. ஒரு நிமிடத்துக்குள் அழுகை, அச்சம், நகை மூன்றும் வந்து போகின்றன. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை. நாம் சிரிப்பது அந்தப் பிணத்தைக் கண்டு அன்று. அதற்குள் இன்னும் எஞ்சியிருக்கும் பிலிப் என்னும் மனிதரை அடையாளம் கண்டு.

பிறகு தாய் பார்பராவின் முறை. மகனுக்குத் தொல்லை வேண்டாம் என்று கடிபட்டதை மறைத்தே வைத்திருந்தவர் அவர். அவர் எழுந்ததும் துப்பாக்கியின் விசையை அழுத்த வேண்டியவன் ஷான். இங்கே படம் நகையை முற்றிலும் கைவிடுகிறது. சிரிக்கத் தெரிந்த கலைஞர் பலர். சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர் சிலரே.

1992-இல் நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் எடுத்த 'பிரெயின்டெட்' இதற்கு நேர்மாறானது. அதிலும் ஒரு தாயும் மகனும் உண்டு. இறுதியில் மகன் புல்வெட்டும் பொறியைக் கையிலேந்திப் பிணக்கூட்டத்தை அரைத்துத் தள்ளுகிறான். மிகையே அங்கே நகையாகிறது, கைத்திறனை மறுக்கவியலாது. ஆனால் அரைபடுவோருள் ஒருவருக்கேனும் நம் நெஞ்சில் இடமில்லை. அது எள்ளலின் நகை. இதயம் மரத்தது மரத்ததாகவே நின்றுவிடுகிறது.

பெயரும் முகமும்

'ஷான்' படமும் குறையற்றது அன்று. ஆறு திங்களுக்குப் பின், மிஞ்சிய பிணங்களைப் பிணைத்து அங்காடிகளில் தள்ளுவண்டி தள்ள விட்டிருப்பதாகத் தொலைக்காட்சி அறிவிக்கிறது. இது கூர்மையான அங்கதம். ஹெய்ட்டியின் பழைய புண்ணை அது மீண்டும் தொடுகிறது. செத்தவனையும் விடாமல் வேலை வாங்கும் உலகைக் கண்டு நாம் கசந்து சிரிக்கிறோம். ஆயின் இறுதிக் காட்சியில், தன் நண்பன் எட் பிணமான பின்னும் அவனைக் கொட்டகையில் சங்கிலியிட்டு வைத்து, பக்கத்தில் அமர்ந்து விளையாடுகிறான் ஷான். தாய்க்குத் தந்த விடுதலையை நண்பனுக்குத் தர அவனால் முடியவில்லை. அவன் செயலில் பாசம் இருக்கலாம். ஆனால் அது பிறனைத் தன் இன்பத்துக்காகக் கட்டி வைத்திருக்கும் பாசம். அங்காடி முதலாளியைக் கண்டித்த படம், இங்கே அதே சங்கிலியைக் கண்டு புன்னகை செய்கிறது. அவ்விடத்தில் நம்மால் உடன் சிரிக்க இயலவில்லை.

உடல் உயிர்த்தெழும் என்று அறிக்கையிடும் நமக்கு இப்படங்கள் வேறொன்றையும் உணர்த்துகின்றன. ஜாம்பி உயிர்ப்பின் தலைகீழ் வடிவம்: உடல் எழுகிறது, ஆள் எழவில்லை. இலாசர் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு வெளியே வந்தார். அவரது கட்டை அவிழ்த்து அவரைப் போகவிடுமாறு ஆண்டவர் சொன்னார். ஜாம்பிக்குப் பெயரில்லை, அதன் கட்டை அவிழ்ப்பாரும் இல்லை. பிலிப்பையும் பார்பராவையும் கடைசி நொடிவரை பெயருள்ள மனிதர்களாகவே காட்டியதால்தான் அக்காட்சிகளில் நகையும் துயரும் ஒருங்கே வாழ்கின்றன.

நம் இளைஞர் இத்தகைய படங்களைக் கண்டு சிரிக்கிறார்கள் என்று கவலையுறும் பெற்றோர் உண்டு. சிரிக்கட்டும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதை மட்டும் அவர்களோடு அமர்ந்து கேட்போம். நேற்றும் இன்றும் ஒரே தெருவில் நடந்தும், எதிரே வந்தவன் முகத்தைப் பாராத ஷானைக் கண்டுதான் சிரிக்கிறார்களாயின், அந்தச் சிரிப்பு அவர்களுக்கும் நமக்கும் நன்மையே செய்யும்.