480 மூலக்கூறு சாதனையும் டயோஸ் தகடும்

2004-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, டயோஸ் எனும் நிறை நிறமாலை முறையில் 800 யோக்டோமோல் பெப்டைடைக் கண்டறிந்ததாகச் சொன்னது. கணக்குப் போட்டால் சுமார் 480 மூலக்கூறுகள்தான் வரும். அப்படியானால் இத்துறையின் வழக்கமான முறையான மால்டியின் காலம் முடிந்ததா?

மால்டியில் ஆய்வுப் பொருளை 'மேட்ரிக்ஸ்' எனும் கரிம அமிலத்தோடு கலந்து, உலோகத் தகட்டில் உலர விடுவார்கள். லேசர் ஒளியை அமிலம் உறிஞ்சிக்கொண்டு, மூலக்கூறைச் சிதைக்காமல் கிளப்பிவிடும். புரதங்களுக்கு அருமையான முறை. ஆனால் அமிலமும் சேர்ந்து அயனியாகிறது. சுமார் 500 டால்டன் நிறைக்குக் கீழே அதன் இரைச்சலில் சிறு மூலக்கூறுகள் அமுங்கிப்போகின்றன. மருந்துகளில் பெரும்பாலானவை இருப்பதோ அங்கேதான்.

வெய், புரியாக், சியுஸ்டாக் மூவரும் 1999-இல் 'நேச்சர்' இதழில் டயோஸ் எனும் மாற்றுவழியைக் காட்டினார்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிச் சிலிக்கானை அரித்தால் நானோ துளைகள் உண்டாகும். தகடே ஒளியை உறிஞ்சும், மேட்ரிக்ஸ் வேண்டாம். (நானோ பொருள் அப்போதே புதிதல்ல. 2002-இல் நோபல் பெற்ற கொய்ச்சி தனகா 1980-களிலேயே கோபால்ட் நுண்தூளைக் கிளிசரினில் கலந்து புரதங்களைப் பறக்க வைத்தவர்.)

டயோஸின் குறைகளும் சிறியவை அல்ல. சுமார் 3,000 டால்டனைத் தாண்டினால் திணறுகிறது. புதிதாக அரித்த சிலிக்கான் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. வெற்றிட எந்திரத்தின் எண்ணெய் ஆவியையும் துளைகள் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த 480 மூலக்கூறு சாதனை நிகழ்ந்ததுகூட வெறும் சிலிக்கானில் அல்ல, ஃபுளோரின் கொண்ட சிலேன் பூசிய பரப்பில். அதாவது, மூல வடிவம் போதவில்லை என்பதற்கு அந்தச் சாதனையே சாட்சி. பயன்படுத்தியதும் தூய பெப்டைடு. உப்பும் கொழுப்பும் நிறைந்த இரத்தத் துளியில் அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது.

இக்குறைகளுக்குப் பின் 2007-இல் வந்த நிம்ஸ் எனும் முறை, சிலிக்கான் துளைகளுக்குள் ஃபுளோரின் சேர்ந்த திரவம் ஒன்றை நிரப்பியது. லேசர் பட்டதும் அது ஆவியாகி, மேலிருக்கும் மூலக்கூறுகளைத் தூக்கிவிடுகிறது. மேட்ரிக்ஸைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டதுபோல்தானே இது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனாலும் இத்திரவம் ஆய்வுப் பொருளோடு கலப்பதில்லை, நிறமாலையில் இரைச்சலும் சேர்ப்பதில்லை. திசுச் சீவலை அப்படியே தகட்டில் வைத்து, எந்த வளர்சிதைப்பொருள் எங்கே இருக்கிறது என்று படமெடுக்கவும் முடிகிறது. என் பார்வையில் இத்துறையின் உண்மையான முன்னேற்றம் இதுதான். அந்த 480 அல்ல.

ஆகவே சிறு மூலக்கூறுகளுக்கும் திசுப் படமெடுப்புக்கும் நானோ பரப்புகளைத் தயங்காமல் ஏற்கலாம். புரதங்களுக்கு மால்டியே போதும். புதிய தகடு எதையும் வாங்குமுன், ஆறு மாதம் அலமாரியில் கிடந்த தகட்டில், இரத்த மாதிரியை வைத்து எடுத்த நிறமாலையைக் காட்டச் சொல்லுங்கள்.